ரொட்டியும் உப்பும்: ஆங்கில மரபுத்தொடர்கள் கூறும் வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நாடுவர். யார் ஆண்டார், எந்தப் போர் எந்த ஆண்டில் மூண்டது என்பன அவற்றில் கிடைக்கும். ஆனால் அந்த அரசனின் நாட்டில் வாழ்ந்த ஏழை எதை உண்டான், எவர் முன்னே கைகட்டி நின்று அதனைப் பெற்றான் என்பனவற்றை அறிய அவை அவ்வளவாகத் துணை புரிவதில்லை. அதற்கு மக்களின் நாவைத்தான் நாடவேண்டும். உண்ட நாவே பேசும் நாவும் அன்றோ!

ஆங்கில மொழியில் உணவை அடிப்படையாகக் கொண்ட மரபுத்தொடர்கள் மிகப்பல. நம் பிள்ளைகள் பள்ளியில் அவற்றைப் பட்டியலாக மனனம் செய்கின்றனர். ‘ஹம்பிள் பை உண்ணுதல்’ என்றால் தாழ்ந்து பணிதல். ‘உப்புக்குக் கீழே’ என்றால் கீழ்நிலை. பொருள் தெரிந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். அத்தொடருக்குப் பின்னே ஓர் அடுக்களையும் ஒரு மேசையும் அம்மேசையைச் சுற்றி உயர்ந்தோரும் தாழ்ந்தோருமாகச் சில மனிதர்களும் இருப்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அவர்களைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். சொற்பிறப்பு என்பது கட்டுக்கதைகள் மண்டிய துறை. செய்தி ஒன்று காதில் விழுந்தவுடன் ‘இதன் ஸனது எது, யார் கேட்டு யாருக்குச் சொன்னார்?’ என்று வினவுவது மதரஸாக் கல்வி நமக்குத் தந்த பழக்கம். அவ்வினாவை இங்கும் எழுப்பியே செல்வோம்.

ரொட்டியைக் காப்பவன்

‘லார்ட்’ என்னும் சொல்லை அறியாதார் இல்லை. வெள்ளையர் ஆட்சியில் கவர்னர் முதலியோரை ‘லாட் சாகிப்’ என்றே நம் நாட்டில் வழங்கினர். அதிகாரமும் ஆடம்பரமும் நிறைந்த இச்சொல்லின் பழைய வடிவம் ‘ஹ்லாஃப்வெயர்ட்’ என்பது. ‘ஹ்லாஃப்’ என்றால் ரொட்டி. இன்றைய ‘லோஃப்’ அதன் வழிவந்ததே. ‘வெயர்ட்’ என்றால் காவலன். ஆக, லார்ட் என்பான் ரொட்டியைக் காப்பவன். அவன் மனைவியாகிய ‘லேடி’யோ, ‘ஹ்லாஃப்டீகே’, அதாவது ரொட்டிக்கு மாவு பிசைபவள். இன்று சீமாட்டி என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லுக்குள் மாவு படிந்த இரு கைகள் மறைந்திருக்கின்றன.

இவ்விருவரோடு மூன்றாவது ஆள் ஒருவனும் இருந்தான். அவன் ‘ஹ்லாஃப்ஏட்டா’, ரொட்டியை உண்பவன். பிறன் வீட்டு ரொட்டியை உண்டு, அவனுக்கு ஊழியம் செய்து கிடப்பவன் என்பது பொருள். இதற்கு நல்ல ஸனது உண்டு. கென்ட் நாட்டு அரசன் ஏதல்பெர்ட் கி.பி. 600ஆம் ஆண்டை ஒட்டி வகுத்த சட்டம் ஆங்கில மொழியில் எழுதப்பட்ட முதற் சட்டமாகக் கருதப்படுவது. ஓர் உழவனின் ‘ரொட்டியுண்பவனை’ ஒருவன் கொன்றால் 6 ஷில்லிங் செலுத்தவேண்டும் என்று அது விதிக்கிறது. சாதாரணச் சுதந்திர மனிதனைக் கொன்றால் அதே சட்டம் விதித்த தொகையோ 100 ஷில்லிங். ரொட்டியைக் காப்பவனும் பிசைபவளும் இன்றைய ஆங்கிலத்தில் பெருமையோடு வாழ்கின்றனர். உண்டவனின் பெயர் மட்டும் வழக்கொழிந்து போயிற்று.

தோழனைக் குறிக்கும் ‘கம்பானியன்’ என்னும் சொல்லும் ரொட்டியிலிருந்து பிறந்ததே. இலத்தீன் மொழியில் ‘கொம்’ என்றால் உடன், ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. உடனிருந்து ஒரே ரொட்டியை உண்பவனே தோழன். ஒரு சொல்லில் ரொட்டி மனிதரைப் பிரிக்கிறது. மற்றொரு சொல்லில் அதே ரொட்டி அவர்களைச் சேர்க்கிறது.

அரபு மொழி பயின்றோருக்கு இதில் வியப்பிராது. எகிப்தியர் ரொட்டியை ‘ஐஷ்’ என்பர். அச்சொல்லுக்கு வாழ்வு என்றே பொருள். ஹீப்ரு மொழியில் ‘லெஹெம்’ ரொட்டி. அரபியில் ‘லஹ்ம்’ இறைச்சி. வேர் ஒன்றுதான். எந்த மக்களுக்கு எது முதன்மையான உணவோ, அதன்மீது அச்சொல் போய் அமர்ந்துகொண்டது. ஆங்கிலத்திலும் இதே கதை நடந்தது. இன்று இறைச்சியை மட்டும் குறிக்கும் ‘மீட்’ என்னும் சொல், முற்காலத்தில் எல்லா உணவையும் குறித்தது. ‘ஒருவனுக்கு மீட், மற்றவனுக்கு நஞ்சு’ என்னும் பழமொழியில் அந்தப் பழம்பொருள் இன்னும் அழியாதிருக்கிறது. இனிப்புப் பண்டத்தை ‘ஸ்வீட்மீட்’ என்று அவர்கள் வழங்குவதும் அதனாலேயே. அதில் இறைச்சி எங்கே இருக்கிறது என்று மாணவர் மயங்கவேண்டியதில்லை.

பதின்மூன்றாவது ரொட்டி

‘பேக்கர்ஸ் டஜன்’ என்பது மற்றொரு தொடர். ரொட்டிக்காரனின் டஜன் என்பது பொருள். எண்ணிக்கையோ பன்னிரண்டன்று, பதின்மூன்று. ஏன்?

1266ஆம் ஆண்டை ஒட்டி, மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்தில், ரொட்டிக்கும் பானத்திற்குமான சட்டம் ஒன்று இங்கிலாந்தில் எழுந்தது. அதன் அமைப்பு விந்தையானது. ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை மலிந்தால் ஒரு பென்னிக்குப் பெரிய ரொட்டி. கோதுமை அருகினால் அதே பென்னிக்குச் சிறிய ரொட்டி. எந்த விலைக்கு எந்த எடை என்று சட்டமே கணக்கிட்டுக் கொடுத்தது. எடை குறைந்தால் ரொட்டிக்காரனுக்கு அபராதம். குற்றம் பெரிதாயின், கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டிச் சந்தையில் நிறுத்துவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இம்முறை ஏதேனும் ஒரு வடிவில் நின்று நிலவியது.

கையால் பிசைந்து அடுப்பில் இடும் ரொட்டி ஒவ்வொன்றும் ஒரே எடையில் அமையுமா? ஆகவே தண்டனைக்கு அஞ்சிய ரொட்டிக்காரர் பன்னிரண்டுக்கு ஒன்று கூடுதலாகவே கொடுத்தனர் என்பது பலரும் கூறும் விளக்கம். மொத்தமாக வாங்கித் தெருத்தெருவாக விற்ற சில்லறை வணிகருக்கு அந்தப் பதின்மூன்றாவது ரொட்டியே ஊதியமாக அமைந்தது என்பது மற்றொரு விளக்கம். சட்டம் பதின்மூன்றாம் நூற்றாண்டினது. தொடரோ பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஏட்டில் தென்படுகிறது. இடையே முந்நூறு ஆண்டுகள்! ஸனது அறுபடும் இடத்தில் நாம் உறுதி கூறுவதற்கில்லை. இரண்டும் பொருந்தக்கூடியவையே என்று மட்டும் கொள்வோம்.

நம் கடைத்தெருவில் ‘கொசுறு’ என்று கேட்டு வாங்குகிறோம். அது கொடுப்பவன் மனம் உவந்து தருவது. ஆங்கிலேயரின் கொசுறில் அச்சமும் கலந்திருந்தது. அந்த அச்சம் வேண்டியதுதான். அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே உண்டன்றோ! 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தில் அஷ்ஷைஸரீ எழுதிய சந்தைக் கண்காணிப்பாளர் கையேட்டிலும் ரொட்டிக்காரருக்கெனத் தனிப்பகுதி இருக்கிறது. ஏழையின் முதற் சொத்து ரொட்டி. ஆதலின் அதன் எடையே நீதியின் முதற் சோதனையாயிற்று.

உப்புக்கு மேலும் கீழும்

பழைய ஆங்கிலேயப் பெருமக்களின் விருந்து மண்டபத்தில் நீண்ட மேசை இருக்கும். அதன்மீது பெரிய உப்புக்கலம் ஒன்று, பலசமயம் வெள்ளியால் செய்தது, வைக்கப்பட்டிருக்கும். வீட்டுத் தலைவனும் மதிப்புக்குரிய விருந்தினரும் அதற்கு மேற்புறம் அமர்வர். மற்றையோருக்கு அதற்குக் கீழ்ப்புறமே இடம். ஒரே கூரை, ஒரே மேசை. நடுவே ஓர் உப்புக்கலம் எல்லைக்கல்லாக நின்றது. ‘உப்புக்குக் கீழே’ என்னும் தொடர் இவ்வாறு பிறந்தது.

இதற்கு அழுத்தமான சான்று ஜோசப் ஹால் என்பார் 1597இல் வெளியிட்ட அங்கதப் பாடல்களில் கிடைக்கிறது. பிற்காலத்தில் அவர் பேராயராக உயர்ந்தார். செல்வந்தன் ஒருவன் தன் மைந்தர்க்குப் பாடஞ்சொல்ல ஆசிரியர் ஒருவரை வீட்டோடு அமர்த்திக்கொள்ள விரும்புவதாக ஒரு பாடலில் அவர் காட்டுகிறார். நிபந்தனைகள் சில உண்டு. ஆசிரியர் தாழ்ந்த சிறு கட்டிலில் படுக்கவேண்டும். மாணவனோ உயரமான கட்டிலில் துயில்வான். எக்காரணத்தாலும் ஆசிரியர் உப்புக்கு மேற்புறம் அமரக்கூடாது. பையனை அடிக்க நேர்ந்தால், எத்தனை அடி என்று தாயிடம் கேட்டுக்கொண்டே அடிக்கவேண்டும். இவற்றிற்கெல்லாம் இசைந்தால் ஐந்து மார்க்கும் குளிர்கால உடையும் கிடைக்கும். ஐந்து மார்க் என்பது மூன்று பவுனுக்குச் சற்று மேற்பட்ட தொகை.

ஆசிரியத் தொழிலில் காலங்கழித்த நமக்கு இவ்விடத்தை எளிதில் கடந்து செல்ல மனம் வரவில்லை. கல்வி வேண்டும், கற்பிப்பவர் மட்டும் உப்புக்குக் கீழே அமரவேண்டும்! இது நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட இங்கிலாந்தின் செய்தி மட்டுந்தானா என்பதை வாசகர்களே தத்தம் ஊரை எண்ணிப் பார்த்துக்கொள்வார்களாக.

உப்பைப் பற்றிய மற்றொரு தொடர் ‘தன் உப்புக்குத் தகுதியானவன்’ என்பது. பெறும் ஊதியத்திற்கு ஏற்ப உழைப்பவன் எனப் பொருள்படும். ஊதியத்தைக் குறிக்கும் ‘சாலரி’ என்னும் சொல் ‘ஸலாரியம்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அதனுள் ‘ஸால்’ என்னும் உப்பு இருக்கிறது. இவ்வளவும் மெய். ஆனால் ரோமப் படைவீரருக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தனர் என்று புத்தகத்திற்குப் புத்தகம் எழுதப்படும் செய்திக்குப் பழைய சான்று எதுவும் இல்லை. நம் ‘சம்பளம்’ என்னும் சொல்லையும் சம்பா நெல் என்றும் அளம் என்றும் பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாகக் கொடுத்த கதையைச் சொல்வார் உண்டு. கேட்க இனிக்கிறது. இனிப்பது வேறு, ஸனது வேறு.

‘ஓர் உப்புக்கல்லோடு ஏற்றுக்கொள்’ என்றால், கேட்டதை அப்படியே நம்பிவிடாதே என்பது பொருள். இதன் மூலம் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோம அறிஞர் பிளினியிடம் இருக்கிறது. மித்ரிடேட்டீஸ் என்னும் அரசனிடமிருந்து கிடைத்த நச்சுமுறி மருந்தொன்றை அவர் குறிப்பிடுகிறார். வாதுமை வகைக் கொட்டை இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது, இவற்றோடு ஓர் உப்புக்கல்லும் சேர்த்து இடித்து வெறும் வயிற்றில் உண்டால் அன்றைக்கு எந்த நஞ்சும் தீண்டாது என்பது அதன் பயன். நஞ்சை முறித்த உப்புக்கல், பதினேழாம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் பொய்யை முறிக்கும் பணியை ஏற்றுக்கொண்டது.

உப்புத் தொடர்களில் ஒன்று நம் நாட்டிலிருந்தே அவர்கள் நாவுக்குச் சென்றது. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது தமிழ். ‘நமக் ஹலால்’, ‘நமக் ஹராம்’ என்பன உருது. எங்களிடையே ரொட்டியும் உப்பும் இருக்கின்றன என்பது அரபியர் நட்புக்குக் கூறும் சான்று. இந்நாட்டுச் சிப்பாய்கள் இம்மொழியில் பேசக் கேட்ட கம்பெனி அதிகாரிகள், ‘உப்புக்கு உண்மையாயிருத்தல்’ என்று தாமும் எழுதலாயினர். கம்பெனியின் உப்பைத் தின்றவர் கம்பெனிக்கு நன்றி காட்டவேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. ஆனால் அந்த உப்பு யாருடையது? 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு வாணிபத்தைக் கம்பெனி தன் ஏகபோக உரிமையாக்கிக்கொண்டது. நம் கடல் தந்த உப்பை நமக்கே விலை உயர்த்தி விற்றுவிட்டு, அதற்கு நன்றியும் கேட்டனர். 1930 ஏப்ரலில் தண்டியிலும் வேதாரண்யத்திலும் மக்கள் உப்பை அள்ளியபோது, அந்த உப்புக் கணக்கு தீர்க்கப்படத் தொடங்கிற்று.

மானின் குடலும் மனிதனின் பணிவும்

‘ஹம்பிள் பை உண்ணுதல்’ என்பதன் கதை சுவையானது. மானின் குடல், ஈரல், இதயம் முதலான உள்ளுறுப்புகளை ‘நம்பிள்ஸ்’ என்று வழங்கினர். இது பிரெஞ்சு வழியாக வந்த சொல். சொல்லின் தலையில் இருந்த நகரம், முன்னே நின்ற சிற்றிடைச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு பிரிந்தது. ‘அம்பிள்ஸ்’ என்று ஆயிற்று. அரபியின் ‘நாரன்ஜ்’ ஐரோப்பாவுக்குள் நுழைந்து நகரத்தை இழந்து ‘ஆரஞ்சு’ ஆனதும் இத்தகையதே. நம் நாரத்தங்காயோ நகரத்தை இன்றளவும் விடாமல் வைத்திருக்கிறது.

அவ்வுறுப்புகளை மாவுக்குள் பொதிந்து சுடுவது ‘அம்பிள் பை’. நல்ல இறைச்சியைப் பிரபு உண்ண, குடலை வேட்டைக்காரனும் வேலைக்காரனும் உண்டனர் என்றும், அதனால் அது தாழ்வின் அடையாளமாயிற்று என்றும் எழுதுவர். இதனை ஓர் உப்புக்கல்லோடுதான் ஏற்கவேண்டும். ஏனெனில் சாமுவேல் பீப்ஸ் என்னும் அரசு அலுவலர், 1663 ஜூலையில் தம் நாட்குறிப்பில், அண்டை வீட்டு அம்மையார் சூடாகக் கொண்டுவந்த இப்பண்டத்தை மிகவும் புகழ்ந்து எழுதியிருக்கிறார். கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி வகித்தவருக்கே அது இழிவாகப் படவில்லை.

பின் இழிவு எங்கிருந்து வந்தது? பணிவைக் குறிக்கும் ‘ஹம்பிள்’ வேறு வேரில் பிறந்த இலத்தீன் வழிச் சொல். ஆங்கிலப் பொதுமக்களிற் பலர் சொல்லின் தலையிலுள்ள ஹகரத்தை விழுங்கிப் பேசுவர். அவர்கள் வாயில் ‘ஹம்பிள்’ என்பதும் ‘அம்பிள்’ என்பதும் ஒன்றேபோல் ஒலித்தன. அந்தச் சிலேடையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொடர் கிளைத்தது. சொல் தவறாக ஒலித்தாலும் பொருள் பொருந்திப் போயிற்று. மானை வேட்டையாடுவது அரசர்க்கும் பெருமக்களுக்கும் உரிய சலுகையாக இருந்த நாட்டில், மானின் குடலே பிறருக்கு எட்டுவது என்று கேட்டவுடன் எல்லாரும் நம்பினர். கதைக்கு ஸனது இல்லையாயினும், அதனை நம்பவைத்த வாழ்க்கைக்கு ஸனது இருந்தது.

ஒரு மிளகு வாடகை

‘பெப்பர்கார்ன் ரென்ட்’, மிளகுமணி வாடகை என்பது, பெயரளவுக்கு மட்டும் கொடுக்கும் தொகையைக் குறிக்கும். இது சொல்லும் வரலாறு நமக்கு நெருக்கமானது. மலபார்க் கரையில் ஏற்றிய மிளகு, முஸ்லிம் வணிகர்களின் கலங்களில் ஏடனுக்கும் எகிப்துக்கும் சென்று, அங்கிருந்து வெனிஸ் நகரத்தார் கைமாறி இலண்டனை அடைந்தது. அங்கே 1180லேயே மிளகு வணிகர் சங்கம் இருந்ததற்குப் பதிவு உண்டு. அந்நாளில் நிலக் குத்தகையாக ஆண்டுக்கு ஒரு பவுண்டு மிளகு என்று எழுதியிருந்தால் அது விளையாட்டன்று, உண்மையான செல்வம். பின்னர்க் கடல்வழி திறந்தது. 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது. மிளகு கப்பல் கப்பலாக வந்து குவிய, அதன் மதிப்புச் சரிந்தது. ஒரு காலத்தில் செல்வத்தின் அளவாயிருந்த மிளகு, ஒன்றுமின்மையின் அளவாயிற்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, புதிய நீண்டகால வீட்டுக் குத்தகைகளுக்கு நிலவாடகையாக ஆண்டுக்கு ஒரு மிளகுக்கு மேல் கேட்கலாகாது என்கிறது. மலபார்க் கொடியின் ஒரு மணி இன்னும் அவர்கள் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது.

நம் மண்ணிலிருந்து சென்ற வேறொன்றும் உண்டு. மிகச்சிறந்த பொருளை ‘அதுதான் சீஸ்’ என்று இலண்டன் மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொல்லலாயினர். பாலாடைக்கட்டிக்கும் சிறப்புக்கும் என்ன தொடர்பு? அது பாரசீக, உருது மொழிகளில் பொருள் எனப்படும் ‘சீஸ்’ என்னும் சொல்லே என்று யூல், பர்னல் ஆகிய இருவரும் 1886இல் வெளிவந்த தம் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் விளக்கினர். இவர்களுள் பர்னல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். பின்னர் அமெரிக்காவில் பெரும்புள்ளியை ‘பிக் சீஸ்’ என்று அழைத்ததும் இதன் தொடர்ச்சியே என்பர்.

ஏழையின் கணக்கு

1546இல் ஜான் ஹேவுட் என்பார் தொகுத்த பழமொழி நூலில் ரொட்டி மீண்டும் மீண்டும் வருகிறது. ரொட்டியே இல்லாமலிருப்பதினும் அரை ரொட்டி மேல் என்பது ஒன்று. தன் ரொட்டியின் எந்தப் பக்கத்தில் வெண்ணெய் தடவியிருக்கிறது என அறிதல் என்பது மற்றொன்று. யாரை அண்டிப் பிழைக்கலாம் என்று தெரிந்து வைத்திருத்தல் என அதற்குப் பொருள். பணியாரத்தைத் தின்னவும் வேண்டும், அது கையிலும் இருக்கவேண்டும் என்பானைக் கேலி செய்யும் தொடரும் அதில் உண்டு. இஃது 1538இல் நார்ஃபோக் கோமகன் தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதத்திலேயே வந்துவிட்டது. ‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’ என்னும் நம் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இணை இல்லை. அவர்கள் பணியாரத்தைச் சொன்னார்கள். நாம் கூழைச் சொன்னோம். அவரவர் வீட்டில் இருந்தது அவரவர் வாயில் வந்தது.

‘இனிய சொற்கள் பார்ஸ்னிப்புக்கு வெண்ணெய் தடவா’ என்பது 1639இல் அச்சேறியிருக்கிறது. பார்ஸ்னிப் என்பது வெண்ணிறமான ஒரு கிழங்கு. உருளைக்கிழங்கு பரவுமுன் ஆங்கில ஏழையின் வயிற்றை நிரப்பியது. கிழங்குக்கோ வெண்ணெய் வேண்டும், அது வாங்கக் காசு வேண்டும். முதலாளியின் இன்சொல்லால் என்ன பயன்? உருளைக்கிழங்கை வைத்துப் பிறந்த தொடர்களோ பெரும்பாலும் பிற்காலத்தன. பானையில் எது எப்போது நுழைந்தது என்பதை இவ்வாறு பழமொழியின் வயதைக் கொண்டே ஓரளவு மதிப்பிடலாம்.

இத்தொடர்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவை உணவைப் பற்றியன போலத் தோன்றினும் உண்மையில் இருக்கையைப் பற்றியன என்பது விளங்கும். யார் கொடுத்தார், யார் வாங்கினார், யார் மேலே அமர்ந்தார், யார் கீழே அமர்ந்தார் என்பதையே அவை மறவாமல் குறித்து வைத்திருக்கின்றன. ஆதலின் பிள்ளைகட்கு இவற்றைக் கற்பிக்கும்போது பொருளோடு நில்லாமல், அந்த மேசையையும் காட்டவேண்டும். கேட்பதற்கு இனிய கதை எது, சான்றுள்ள செய்தி எது என்று பிரித்தறியவும் பழக்கவேண்டும். மொழிப்பாடம் அப்போதுதான் அறிவுப்பாடமும் ஆகும்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது உண்டவனின் கடமை. அதனை நாம் ஓயாது எடுத்துரைக்கிறோம். ‘லார்ட்’ என்னும் சொல்லோ தன் பிறப்பில் கொடுப்பவனின் கடமையைச் சொல்லிற்று: ரொட்டியைக் காத்து, தன்னை அண்டியவர்க்குப் பங்கிடுதல். காலப்போக்கில் அச்சொல்லில் தலைமை தங்கிற்று, ரொட்டி உதிர்ந்துபோயிற்று. தலைமையை விரும்புவோர் எந்நாட்டிலும் உளர். அத்தலைமையின் பழைய பெயருக்குள் பிறர்க்குரிய ஒரு ரொட்டி இருந்தது என்பதை அவர்கட்கு நினைவூட்டுவதும் மொழி கற்றோரின் கடமைகளுள் ஒன்றாகும்.